பதிலுக்குக் காத்திருந்தவர்கள்

"மாப்ள, உங்க மாமாவுக்குப் பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லை அத்தை."

"வரும். அவருக்கு வராம வேற யாருக்கு வரப்போகுது?"

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கியிருந்த சின்ன ஜெப அறையில் மாமியார் உட்கார்ந்திருந்தார். நேற்று மதியத்திலிருந்து தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் மருமகனான சின்ன பாஸ்டருக்குத் தெம்பில்லை.

அவரைச் சபையிலும் வீட்டிலும் 'சின்ன பாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமனார்தான் பெரிய பாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. வீடு வாங்கலாமா, பெண்ணைக் கொடுக்கலாமா, வேலையை விடலாமா என்று யார் எதைக் கேட்டு வந்தாலும், "ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். கண்ணை மூடுவார். சில நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொல்வார். அவர் சொல்லும்வரை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகாது.

இப்போது கேள்வி அவருடைய வலது காலைப் பற்றியது. சர்க்கரை நோயில் வந்த புண், பாதத்தைத் தாண்டிக் கறுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது. சர்ஜன் நேற்றே பட்டென்று சொல்லிவிட்டார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லுங்க, மறுநாள் காலைல முதல் ஆபரேஷன் உங்களுக்குத்தான். அதுக்கு மேல தள்ளினா விஷம் ரத்தத்துல ஏறிடும். அப்புறம் நான் காலைப் பத்திப் பேசவே மாட்டேன்."

பெரிய பாஸ்டர் அசையவில்லை. "ஆண்டவர்கிட்ட கேட்டிருக்கேன். பதில் வரட்டும்," என்றார்.

அதற்கு மேல் யார் வாயைத் திறக்க முடியும்? மாமியார் உபவாசத்தில் உட்கார்ந்துவிட்டார். சபையில் ஆள் மாற்றி ஆள் ஜெபம். 'பதில் வந்ததா பாஸ்டர்?' என்று சின்ன பாஸ்டரின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தபடி இருந்தது.

எல்லோரும் ஒரே பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அப்படி ஒரு கேள்வியே கேட்கப்படவில்லை என்பது சின்ன பாஸ்டர் ஒருவருக்குத்தான் தெரியும்.

*

தெரிந்ததுகூட அவர் செய்த முட்டாள்தனத்தால்தான்.

ஊழியத்தில் இருப்பவர்கள் அவ்வப்போது மறுபடி படிக்க வேண்டும் என்று தலைமைச் சபை ஒரு விதி வைத்திருக்கிறது. அதன்படி சில வாரங்களாக அவருக்கு இந்த ஆஸ்பத்திரியில்தான் பயிற்சி. நோயாளியின் பக்கத்தில் எப்படி உட்காருவது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்கிற படிப்பு. "எங்க காலத்துல பாஸ்டருக்குப் பயிற்சி கல்லறைத் தோட்டத்துலதான். அங்க யாரும் மார்க் போடல," என்று மாமனார் அப்போதே கேலி செய்தார்.

பயிற்சிக்கு வருபவர்கள் கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். பயிற்சி கொடுக்கும் அம்மா முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"இதைப் போட்டுக்கிட்டு ஒரு ரூமுக்குள்ள கேட்டது அந்த ரூமோட சரி. வீட்டுக்காரிக்கும் கிடையாது, டாக்டருக்கும் கிடையாது. உங்க சொந்தக்காரங்க படுத்திருந்தா அட்டையைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க. அங்க நீங்க பிள்ளை, மருமகன். அழணும்னா அழுங்க. அவ்வளவுதான்."

எதையும் ஒழுங்குமுறையாகச் செய்யும் சின்ன பாஸ்டர் இதை மனப்பாடமே செய்துவைத்திருந்தார். இருந்தும் நேற்றுச் சாயங்காலம், வார்டு வேலை முடிந்து மாமனாரைப் பார்க்கப் போனபோது அட்டை கழுத்திலேயே கிடந்தது. பெரியவர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இப்போ வந்திருக்கிறது மாப்பிள்ளையா, இந்த அட்டையா?"

அந்த நிமிஷம் கழற்றிப் பையில் போட்டிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து பெரியவர் அவரை ஒரு போதகராக மதித்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்டால், "உப்புச்சப்பு கொஞ்சம் சேருங்க," என்பார். அப்படிப்பட்டவர் முதல்முறையாக அட்டையைத் தொட்டுப் பார்க்கிறார். சபலம் தட்டிவிட்டது.

"அட்டைதான் மாமா."

"அப்போ கதவைச் சாத்துங்க."

சாத்தினார். பெரியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் எதையும் கேட்கல. கேட்டு ரொம்ப வருஷமாச்சு. அந்தப் பக்கம் யாரும் எடுக்கிறதில்ல. ஆரம்பத்துல தினமும் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம் கூப்பிடுற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். ஊராருக்கு நான் சொன்ன பதிலெல்லாம் என் புத்திக்குப் பட்டது. இப்போ அலுத்துப்போச்சு மாப்ள. காலும் வேணாம், கட்டைக்காலும் வேணாம். பதில் வரட்டும்னு சொன்னா எல்லாரும் சும்மா இருப்பாங்க. அதுக்குள்ள அது தானா முடிஞ்சிரும். உங்க அத்தைக்கு இது போகக் கூடாது. என் பொண்ணுக்கும் போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் மாமா," என்றார் சின்ன பாஸ்டர்.

வெளியே வந்த பிறகுதான் கழுத்தில் தொங்கியது கனத்தது.

*

இன்று காலை வகுப்பு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுதிவந்து வாசிக்க வேண்டும். இன்னொருவர் நோயாளியாக உட்கார்ந்து நோயாளி சொன்னதை வாசிப்பார். ஆளின் அடையாளத்தை மாற்றித்தான் எழுத வேண்டும்; வகுப்பில் பேசியதும் வகுப்போடு போகும். பயிற்சி அம்மா நடுவில் எங்கே வேண்டுமானாலும் "நிறுத்துங்க" என்பார். அதனால் அவர் இல்லாத நேரத்தில் அவருக்கு 'நிறுத்தம்மா' என்று பெயர்.

சின்ன பாஸ்டர் யோசித்துத்தான் எழுதியிருந்தார். பெரிய பாஸ்டரை 'ஓய்வு பெற்ற வாத்தியார்' ஆக்கியிருந்தார். காலைக் கையாக மாற்றியிருந்தார். நோயாளியாக உட்கார்ந்தவர் வேறொரு சபையின் இளம் போதகர். அவர் சாதாரணமாகப் பேசினாலே சுவர் அதிரும் என்பதால் அவருக்குப் பெயர் 'ஒலிபெருக்கி'.

"அந்தப் பக்கம் யாரும் எடுக்கிறதில்ல!" என்று ஒலிபெருக்கி முழங்கினார்.

"மெதுவா, மெதுவா. பக்கத்து ரூம்ல டயாலிசிஸ் நடக்குது. பயந்து எந்திரிச்சு ஓடிடப்போறாங்க," என்றார் நிறுத்தம்மா.

வாசிப்பு தொடர்ந்தது. கடைசி வரி சின்ன பாஸ்டருடையது. எழுதியதை அப்படியே வாசித்தார்.

"சத்தியம் மாமா."

"நிறுத்துங்க."

வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும் என்ற விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார். மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அந்த 'மாமா'வை மட்டும் மாற்ற மறந்திருந்தார். நிறுத்தம்மா மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க மாமனாரா?"

"ஆமாம்மா."

"அட்டையோடவா போனீங்க?"

"ஆமாம்மா."

"முதல் வகுப்புல நான் என்ன சொன்னேன்?"

அவர் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

"ஒப்பிக்கிறதுல ஒரு குறையும் இல்ல," என்றார் நிறுத்தம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அலுப்போடு சொன்னார்.

"அம்மா, அவர் செத்துப்போயிடுவாரு. என் வீட்டுக்காரிக்கு மட்டுமாவது..."

"கூடாது."

"உயிர் போற விஷயம்மா."

"தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்கப்போறேன்னு சொன்னாரா?"

"இல்லை. வைத்தியம் வேணாம்னுதான்."

"புத்தி தெளிவா இருக்கிற மனுஷன் வேணாம்னு சொல்லலாம். அது அவர் உரிமை. காரணத்தை யார்கிட்ட சொல்றதுங்கிறதும் அவர் உரிமை." பிறகு கேட்டார். "உங்களுக்கு எது தாங்கல? அவர் சாகப்போறதா, அவருக்கு நம்பிக்கை போனதா?"

மாமனாரின் ஒரு வார்த்தையை நம்பித்தான் சின்ன பாஸ்டரே ஊழியத்துக்கு வந்தார். "கேட்டுப் பார்த்தேன். வரச் சொல்றாரு," என்று பெரியவர் சொன்ன வார்த்தை. அதுவும் அவர் புத்திக்குப் பட்டதுதானோ?

"தெரியலம்மா," என்றார்.

"அட்டையைக் கொடுங்க. இனிமே அந்த ரூமுக்கு நீங்க இதோட போக வேணாம். வேற ஆள் அனுப்புறேன்."

"யாரைம்மா?"

வெளியே தாழ்வாரத்தில் ஒலிபெருக்கி யாரோ ஒரு நோயாளியின் தம்பிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது கதவைத் தாண்டிக் கேட்டது.

"வேற யாரும் காலியா இல்ல," என்றார் நிறுத்தம்மா.

"அப்போ நான் என்ன பண்றது?"

"மருமகனாப் போங்க. வீட்ல நீங்களே சொல்லிடுங்கன்னு அவரைக் கேளுங்க. கேட்கத்தான் முடியும்."

*

மதியம் அறைக்குப் போனபோது நர்ஸ் அப்போதுதான் கட்டு மாற்றிவிட்டுப் போயிருந்தார். ஜன்னலைத் திறந்துவைத்தும் அந்த வாடை போகவில்லை.

"ஒரு பையன் வந்தான்," என்றார் பெரியவர். "அவன் குரல்ல கட்டிலே ஆடிச்சு. நீளமா ஜெபம் பண்ணினான். நானும் ஆமென் சொன்னேன். பாவம், நல்ல பையன்."

சின்ன பாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணுக்குக் கண் நேராக இருக்கும்படி உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னார்.

"மாமா, நேத்து என்கிட்ட சொன்னதை உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

பெரியவரின் பார்வை அவர் கழுத்துக்குப் போனது.

"அட்டை எங்க?"

"வாங்கிட்டாங்க."

"அப்போ நீங்க மாப்பிள்ளை."

"ஆமா மாமா."

"மாப்பிள்ளைகிட்ட நான் எதுவும் சொல்லலையே."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். சதுரங்கத்தில் ராஜாவை மடக்கிவிட்டவர் மாதிரி. சின்ன பாஸ்டருக்குச் சுருக்கென்றது. அட்டை இருந்தால் பேசுவார், ஆனால் அட்டையோடு வர முடியாது. அட்டை இல்லாமல் வரலாம், ஆனால் பேசமாட்டார். கேட்ட காது மட்டும் எந்த வழியிலும் கேட்காத காதாக ஆகப்போவதில்லை.

"அத்தை நேத்திலிருந்து சாப்பிடல மாமா."

சிரிப்பு நின்றது. "சாப்பிடச் சொல்லுங்க."

"பதில் வராம சாப்பிடமாட்டாங்களாம்."

"யாரு அவளைப் பட்டினி கிடக்கச் சொன்னா?" குரல் உயர்ந்து உடைந்தது. மேடையில் நின்று பேசிய குரல் இல்லை அது. "வயசான காலத்துல மயங்கி விழுந்து தொலைக்கப்போறா. நான் சொன்னேனா? நான் கேட்டேனா அவளை?"

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். போர்வையைச் சரிசெய்யப்போன மருமகனின் கையைத் தட்டிவிட்டார்.

*

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, கடையின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். லிஃப்டுக்குப் பக்கத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நர்ஸ்கிட்ட மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேங்க," என்றாள். "இதுக்கு மேல ஏத்துறதுக்கு மருந்து இல்ல. தினம் எடுத்துக் குடுக்கிறவ, எனக்குத் தெரியாதா? சர்ஜன் சும்மா பயமுறுத்தல."

"ம்."

"என்ன ம்?" அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நேத்து ராத்திரியிலிருந்து நீங்க சரியா இல்ல. எதையோ முழுங்கி வெச்சிருக்கீங்க. அப்பா ஏதாவது சொன்னாரா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்ல முடியாதா, சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"அட்டையோட போனீங்களா?" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அறிவிருக்கா உங்களுக்கு? அப்பாவைப் பார்க்கப் போறதுக்கு எதுக்குங்க அட்டை? சரி விடுங்க. அவர் சொன்னது எனக்கு வேணாம். எனக்கு அப்பா வேணும். ஒன்னே ஒன்னு மட்டும் செய்யுங்க."

"என்ன?"

"பதில் உங்களுக்கு வந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க. ஆண்டவர் காலை எடுக்கச் சொல்லிட்டாருன்னு. நீங்களும் ஊழியக்காரர்தான? நம்புவாரு."

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் அந்தப் பொய் செல்லும். அந்த ஒரு மனிதரிடம் மட்டும் செல்லாது. அது ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொன்ன மாதிரி.

"அது... சரிப்படாதும்மா."

"ஏன் சரிப்படாது?"

"ஆண்டவர் பேரால பொய் சொல்லக் கூடாது."

அது நியாயமான காரணம்தான். அவரே பலமுறை பிரசங்கித்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் அதன் பின்னால் ஒளிந்துகொண்டபோது, தான் சொன்ன பொய்களிலேயே பெரியது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் எழுந்து நின்றாள். கண்ணில் நீர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நல்லது. உங்க உத்தமத்தை நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க. எங்கம்மா கீழ பட்டினி கிடந்து சாகட்டும், அப்பா மேல அழுகிச் சாகட்டும். நீங்க ரெண்டு பேருக்கும் நல்லடக்க ஆராதனை நடத்துங்க. உப்புச்சப்பு இல்லாம."

"இரு, நான் சொல்றதை..."

"நீங்கதான் எதையும் சொல்லமாட்டீங்களே!"

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஏறிப்போனாள். அவளுக்கு முன்னால் ஓடிப்போய் மாமனாரின் அறைக் கதவை மறிக்கலாம். மறித்து என்ன சொல்வது? அவர் பின்னாலேயே போனார். வேறொன்றும் தோன்றவில்லை.

*

சர்ஜன் சாயங்கால ரவுண்டுக்கு வந்துவிட்டார். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு அறையாக அவர் குரல் நெருங்கிக்கொண்டிருந்தது.

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, பதில் வந்துடுச்சு."

பெரியவரின் கண்கள் முதலில் மருமகனிடம் பாய்ந்தன. சின்ன பாஸ்டர் இல்லை என்று மெல்லத் தலையசைத்தார். நான் சொல்லவில்லை.

"யாருக்கு?"

"எனக்குப்பா." அவள் பிடியை இறுக்கினாள். "கடையில. மாத்திரை எண்ணிக்கிட்டு இருந்தப்போ. தெளிவாக் கேட்டுச்சு. காலைக் கொடுத்துடச் சொல்லு, ஆள் எனக்கு வேணும்னு."

பொய் சொல்லத் தெரியாதவள். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே வந்து அழுதவள். கழுத்து நரம்பு துடிப்பது வாசலில் நின்றவருக்கே தெரிந்தது. பெரியவருக்குத் தெரியாமல் இருக்குமா? மதியம் சிரித்த அதே சிரிப்பைச் சிரிக்கப்போகிறார், ஒரே வார்த்தையில் அவளை உடைத்துப் போடப்போகிறார் என்று சின்ன பாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை.

"குரல் கேட்டுதா உனக்கு?"

"கேட்டுச்சுப்பா."

"எப்படி இருந்துச்சு?"

"மெதுவா... மெதுவா இருந்துச்சு."

"ஆமா." அவர் கண்கள் நிறைந்தன. "மெதுவாத்தான் இருக்கும்."

ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருவரைப் பற்றித் தகவல் கேட்பவர் போல முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. மகளின் நீலக் கோட்டைக் கொத்தாகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"காலை விடும்மா. அது போனாப் போகுது. என்னைப் பத்தி வேற ஏதாவது கேட்டாரா?"

அவள் காலுக்கு மட்டும்தான் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இதற்கு அவளிடம் எதுவும் இல்லை.

"அப்பா..."

"நான் இவ்வளவு நாள் கூப்பிடாம இருந்தேனே. ஏன்டா கூப்பிடலன்னு கேட்டாரா? இல்ல, கோபமா இருக்காரா?"

அப்பா என்ன சொல்கிறார் என்பது அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மீதியும் புரிந்துவிட்டது. சின்ன பாஸ்டர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"நீங்க பேசாதீங்க மாப்ள," என்றார் பெரியவர், அவர் பக்கம் திரும்பாமலே. "அவ சொல்லட்டும். அவளுக்குத்தான கேட்டிருக்கு?"

கதவைத் தட்டிக்கொண்டு சர்ஜன் உள்ளே வந்தார்.

"என்ன ஐயா, முடிவு பண்ணிட்டீங்களா?"

மூவரில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் மகளின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.